மச்சானின் நேர்கோடு

"மாப்ளே, அந்தக் கோடு எங்க போகுது?"

சோபாவில் மல்லாந்து படுத்தபடி மச்சான் கேட்டார்.

"எங்கயும் போகல மச்சான். அங்கயேதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு இப்படி ஓடுது?"

கோட்டுக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். காலையிலிருந்து எத்தனையாவது கேள்வி என்று எண்ணுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

தெருவில் அவருக்குக் கோட்டுக்காரர் என்றுதான் பெயர். கோட்டுப் போடுகிறவர் அல்ல; தன் கல்யாணத்துக்குக்கூட அவர் போட்டதில்லை. கல்லூரிகளிலும் தொழிற்சாலைகளிலும் பழுதாகிற, மின்சார அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்புகளை வீட்டு முன்னறையில் வைத்துச் சரிசெய்வது அவர் தொழில். அந்தப் பெட்டிகளின் திரையில் பச்சையாக ஒரு கோடு எந்நேரமும் மினுங்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பார்த்துத் தெரு அவருக்குப் பெயர் வைத்துவிட்டது.

"அது கோடே இல்ல மச்சான். ஒரு புள்ளி. இடமிருந்து வலமா ஓடும், திரும்ப முதல்லேருந்து ஓடும். ரொம்ப வேகமா ஓடுறதால கோடு மாதிரி தெரியுது. இந்த ஒயர் வழியா மின்சாரம் வந்தா, அது புள்ளியை மேலயும் கீழயும் தள்ளும். அப்ப அலையாத் தெரியும். எவ்வளவு வேகம்னு பாக்க ஒரு குமிழ், எவ்வளவு உயரம்னு பாக்க ஒரு குமிழ். அவ்வளவுதான்."

மச்சான் தலையை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயும் இதேதான். நான் இடமிருந்து வலமா ஓடிக்கிட்டே இருப்பேன். அவ மேலயும் கீழயும் தள்ளுவா."

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டு நினைப்பு வந்திருக்கும்.

மச்சான் என்றால் கோட்டுக்காரரின் மனைவிக்கு அண்ணன். தன் மனைவி குறட்டை விடுவதை போனில் பதிவு செய்து, அவள் பிறந்த வீட்டார் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் போட்டுக் காட்டியவர். எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர. அன்று கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பி வந்தவர் இன்னும் திரும்பவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டியவள் அவள்தானே என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"அவ வந்து கூப்பிடட்டும். போறேன்," என்பது இவர் கட்சி.

"அவரே வரட்டும். வேண்டாம்னா சொன்னேன்?" என்பது அங்கிருந்து வந்த செய்தி.

நடுவில் மாட்டிக்கொண்டது கோட்டுக்காரரின் முன்னறை. காற்று நன்றாக வருகிறது என்று மச்சான் அந்த சோபாவைப் பிடித்தவர்தான். சோபாவை ஒட்டினாற்போல் வேலை மேசை. அவர் புரண்டால் மேசை ஆடும். மேசை ஆடினால் கோடு ஆடும். கோடு ஆடினால் கோட்டுக்காரர் ஆடிப்போவார்.

இன்றைக்கு மேசைமேலிருந்த ஸ்கோப் ஒரு கல்லூரிக்குப் போயாக வேண்டும். நாளைக்கு அங்கே செய்முறைத் தேர்வு. மாலையில் ஆய்வகக்காரர் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். பழுது பார்த்தாகிவிட்டது. இனி அதை ஓடவிட்டு, சூடேறிய பிறகும் கோடு நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்துப் பின்மூடியின் ஸ்க்ரூ ஒன்றைக் காணவில்லை. சோபாவுக்கு அடியில் போயிருக்கும். சோபாவின் மேல் மச்சான் அதற்குள் தூங்கிப் போயிருந்தார்.

எழுப்பினால் மறுபடியும் கேள்வி கேட்பார். கோட்டுக்காரர் ஸ்கோப்பை ஓடவிட்டபடியே சத்தமில்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஸ்க்ரூ வாங்கப் போனார். மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து வாசலில் கால் வைக்கவும் அந்த அலறல் கேட்கவும் சரியாக இருந்தது.

"ஐயோ! கோடு நேரா போகுதே! போயிட்டீங்களா!"

முன்னறையின் நடுவில் மச்சானின் மனைவி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் ஒரு பெரிய காலிப் பை. சோபாவில் மச்சான் வாயைத் திறந்தபடி கிடந்தார். ஸ்கோப்பிலிருந்து நீண்டு வந்த ஒயரின் முதலைவாய்க் கிளிப் அவர் சட்டைப்பையைக் கவ்விக்கொண்டிருந்தது. அளக்கும் முனை நெஞ்சுமேல் கிடந்தது. திரையில், கோட்டுக்காரர் அவ்வளவு பாடுபட்டு நேராக்கிய கோடு, நூல் பிடித்தாற்போல் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

தூக்கத்தில் புரண்டபோது மாட்டியிருக்கும் என்று நினைத்தார் கோட்டுக்காரர்.

"தங்கச்சி, பயப்படாத. இது வந்து..."

அவர் முடிப்பதற்குள் மச்சான் அலறியடித்துக்கொண்டு விழித்தார். நெஞ்சில் ஏதோ கிடக்கிறதே என்று பதறிப் பிடித்தார். பிடித்த பிடியில் கட்டைவிரல் ஒயரின் முனையில் அழுந்தியது.

திரையில் கோடு துள்ளி எழுந்து, பச்சை அலையாக நெளிந்தது.

"வந்துடுச்சு! உயிர் வந்துடுச்சு!" அவள் சோபாவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். "என்னங்க, என்னை விட்டுட்டுப் போகப் பாத்தீங்களே! ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?"

மச்சான் ஒன்றும் புரியாமல் விழித்தார். திரையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். தன் தோளில் முகம் புதைத்திருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்களைப் பாதி மூடிக்கொண்டார். கட்டைவிரலை மட்டும் எடுக்கவில்லை.

"தண்ணி..." என்றார், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற குரலில்.

மாடியிலிருந்து ஈரத்துணியோடு ஓடி வந்த கோட்டுக்காரரின் மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். ஸ்கோப் எது, இதயத் துடிப்பைக் காட்டும் ஈசிஜி எது என்று தெரியாதவள் அல்ல. எதிர்க்கடைத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து, "என்னாச்சு? வண்டி கூப்பிடட்டுமா?" என்றார். "ஒண்ணும் இல்லண்ணே, லேசா மயக்கம்," என்று அவரை அனுப்பிவிட்டு, கணவனின் முழங்கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உண்மையைச் சொல்லித் தொலைக்காதீங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கிட்டு நின்னா போதும். அண்ணி தானா வந்திருக்காங்க. ரெண்டு பேரும் சேந்து கிளம்பிப் போகட்டும். உங்களுக்கு உங்க சோபா வேணுமா, வேண்டாமா?"

வேண்டும்தான். ஆனால் கோட்டுக்காரருக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது சிவந்துவிடும். காதைக் கையால் மூடிக்கொண்டு முன்னறைக்குத் திரும்பினார்.

அங்கே மச்சானின் மனைவி கணவரின் தலையைத் தடவிக்கொடுத்தபடி, "அந்தக் குறட்டை ரெக்கார்டிங்கை நினைச்சு நினைச்சுத்தானே உங்க நெஞ்சு இப்படி ஆச்சு? அதை அழிச்சிடுங்க. பாரம் குறையும்," என்றாள்.

"அழிச்சிடறேன்," என்று முனகினார் மச்சான்.

"இப்பவே."

ஒரு கையால்தானே முனையைப் பிடிக்க வேண்டும்? மறுகையால் போனை எடுத்து அழித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாக எட்டிப் பார்த்து, அழிந்ததை உறுதிசெய்துகொண்டாள்.

பிறகு டீ வந்தது. அங்கேதான் வினை. டீயைக் கண்ட மச்சானுக்குக் கைகள் இரண்டும் தாமாக நீண்டன. முனை நழுவியது. கோடு நேரானது.

"ஐயோ, மறுபடியும்!"

இனி விரலை நம்பிப் பயனில்லை. கோட்டுக்காரர் தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, ஒயரின் முனையை எடுத்து ஸ்கோப்பின் முகப்பிலேயே இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் மாட்டினார். கருவி சரியாக அளக்கிறதா என்று அதுவே தன்னைச் சோதித்துக்கொள்ளும் இடம் அது. உடனே திரையில் அலை வந்தது. ஆனால் வளைந்த அலை அல்ல. கோட்டை மதிலின் தலைபோல் சதுரம் சதுரமாக ஏறி இறங்கியது.

"என்ன அண்ணே இது? கட்டம் கட்டமா வருது?"

கோட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு எப்பவுமே எல்லாம் கறாரா இருக்கணும்ல அண்ணி," என்றாள் அவள். "அதான், துடிப்பும் கறாரா வருது."

"இல்ல, இது மாடிப்படி மாதிரி இருக்கு. மூச்சு வாங்கும். மாத்துங்க அண்ணே, பாக்கவே பயமா இருக்கு."

மாற்றத்தான் வேண்டும். அலமாரியிலிருந்து, விதவிதமான அலைகளை உண்டாக்கித் தரும் ஜெனரேட்டர் என்ற இன்னொரு பெட்டியை எடுத்து மேசைக்குப் பின்னால் மறைத்துவைத்து இணைத்தார். அழகான, வழவழப்பான அலை வந்தது. ஆனால் அது திரையில் நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது.

"ஓடுது, ஓடுது! பிடிங்க அண்ணே!"

இது கோட்டுக்காரருக்குத் தெரிந்த வியாதி. ஓடுகிற புள்ளி ஒவ்வொரு முறையும் அலையின் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டால் படம் நிற்கும். கண்ட கண்ட இடத்திலிருந்து புறப்பட்டால் ஓடும். அதற்கென்றே ஒரு குமிழ் உண்டு. இந்தத் தொழிலில் அவருக்கு மிகப் பிடித்த வேலையும் அதுதான். நாவைக் கடித்துக்கொண்டு குமிழைத் திருகினார். அலை சிலைபோல் உறைந்து நின்றது. ஒரு துளி அசைவில்லை.

தன்னை மறந்து, "பாத்தியா தங்கச்சி? நிறுத்திட்டேன்!" என்றார் பெருமையாக.

"நிறுத்திட்டீங்களா!"

அந்தக் கூச்சலில் எதிர்க்கடைத் தையல் இயந்திரம் நின்றது. அவள் மச்சானின் இரண்டு கன்னங்களையும் பிடித்து உலுக்கினாள். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி அப்படிச் செஞ்சது தப்புதானே?"

"தப்புதான், தப்புதான்! கன்னத்தை விடு!"

"அவங்க எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?"

"சொல்றேன், சொல்றேன்!"

கோட்டுக்காரர் அவசரமாக வேகக் குமிழை எதிர்ப்பக்கம் திருகினார். இப்போது ஒரே ஒரு பச்சைப் புள்ளி மட்டும், மலை ஏறி இறங்குகிற ஆள்போல, மெதுவாக மேலும் கீழுமாக நகர்ந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்ததுபோலவே இருந்தது. முன்னறையில் அமைதி திரும்பியது.

அமைதியைக் கெடுத்தவர் மச்சான். குடித்த தண்ணீரும் டீயும் சும்மா இருக்குமா? எல்லோரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு நைசாகக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மச்சானின் மனைவி காலியான சோபாவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். புள்ளி தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஆள் அங்க இருக்காரு. துடிப்பு எப்படி இங்க ஓடுது?"

கோட்டுக்காரரின் காதுகள் இரண்டும் மிளகாய்ப் பழம்போல் ஆயின.

"பாக்கி ஓடுது அண்ணி," என்றாள் அவர் மனைவி. "தண்ணிக் குழாயை மூடினா கொஞ்ச நேரம் சொட்டுமில்ல? அந்த மாதிரி."

"ஓ," என்றாள் மச்சானின் மனைவி. முந்தானையை வாயில் அழுத்தி, தோள் குலுங்கக் குலுங்க நெடுநேரம் அழுதாள். அதைப் பார்க்க முடியாமல் கோட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எவ்வளவு வெள்ளை மனசு! இவளைப் போய் ஏமாற்றுகிறோமே.

சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தபோது ஆய்வகக்காரர் வந்து சேர்ந்தார்.

"ரெடியா சார்? வண்டி வெளிய நிக்குது. கழட்டிக் குடுங்க."

"எதைக் கழட்டணும்?" என்று எழுந்தாள் மச்சானின் மனைவி.

"இந்த மெஷினைத்தான்மா. நாளைக்கு இது எங்களுக்கு வேணும்."

"எங்க வீட்டுக்காரர் உயிரு இதுல ஓடிக்கிட்டு இருக்கு, தெரியுமா? கழட்டணுமாம்!"

ஆய்வகக்காரர் ஓரடி பின்வாங்கினார். கொல்லையிலிருந்து திரும்பிய மச்சான் ஆபத்தைப் புரிந்துகொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி சோபாவில் சாய்ந்தார். ஆய்வகக்காரர் திரையைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார், இந்த ஜெனரேட்டரை எதுக்கு மாட்டி..."

கோட்டுக்காரர் அவர் காலை மிதித்தார். மிதித்த வேகத்தில் ஆய்வகக்காரரின் கண்களில் நீர் கோத்தது.

"பாருங்க, வேத்து ஆள், அவருக்கே கண்ணு கலங்குது," என்றாள் மச்சானின் மனைவி. பிறகு ஸ்கோப்பின் அருகே வந்து குனிந்தாள். "ஏன் அண்ணே, ஒயர் மாட்ட இதுல ரெண்டு இடம் இருக்கே. ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணு யாருக்கு?"

கால் வலியிலும் ஆய்வகக்காரருக்குத் தொழில் பெருமை விடவில்லை. "இதுல ஒரே நேரத்துல ரெண்டு கோடு பாக்கலாம்மா. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ரெண்டையும் ஒப்பிட்டுக்கூடப் பாக்கலாம்."

"அப்ப அந்த இன்னொண்ணை எனக்கு மாட்டுங்க. ஒரே ஒரு தடவை பாத்துடறேன். அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

கோட்டுக்காரர் அந்தச் சாக்கில் ஜெனரேட்டரை உருவி எறிந்தார். ஒரு ஒயரின் முனையை மச்சான் கையில் கொடுத்தார், இன்னொன்றை அவர் மனைவியின் கையில் கொடுத்தார். இருவரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலை அழுத்தினார்கள்.

இரண்டு அலைகள் எழுந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலது ஏறும்போது கீழதும் ஏறியது. மேலது இறங்கும்போது கீழதும் இறங்கியது. மயிரிழை முந்தவில்லை, பிந்தவில்லை.

அது சுவருக்குள் ஓடுகிற வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் என்று கோட்டுக்காரருக்குத் தெரியும். எந்த உடம்பும் அதை வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் எதிர்க்கடைத் தையல்காரர் வந்து விரல் வைத்திருந்தாலும் அதே அலைதான் வந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காதுகூடச் சிவக்கவில்லை.

"உன்னோடது என்னைவிட உயரமா இருக்கே," என்றார் மச்சான் கடைசியில்.

"இப்பதான் தெரியுதா?"

கோட்டுக்காரர் குடும்ப நலன் கருதி உயரக் குமிழை ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டும் சமமாயின.

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நோயாளிக் குரலை மறந்து, தன் சொந்தக் குரலில் சொன்னார்: "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன். அப்பவே நிறுத்தியிருக்கணும். அதுக்கப்புறம் உன் மூஞ்சியைப் பாக்க வெக்கமா இருந்துச்சு. அதான் இங்க வந்து படுத்துக்கிட்டேன்."

இந்த முறை அவள் சத்தமில்லாமல் அழுதாள். விரலை மட்டும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஆய்வகக்காரர் வாசலில் நின்ற வண்டிக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. அவள் கணவரின் துணிகளை அந்தப் பெரிய பையில் அடுக்கினாள். மச்சான், "இப்ப நெஞ்சு லேசா இருக்கு மாப்ளே," என்று கோட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது கண்ணடித்தார். அவளை எப்படி மடக்கினேன் பார் என்பதுபோல் இருந்தது அந்தக் கண்ணடிப்பு. இருவரும் வண்டியேறினார்கள். ஸ்கோப்பும் வேறொரு வண்டியில் ஏறிக் கல்லூரிக்குப் போனது.

கோட்டுக்காரர் தன் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"பாவம் அந்தப் பொண்ணு," என்றார் மனைவியிடம். "நாம மூணு பேரும் சேந்து அவளை நல்லா ஏமாத்திட்டோம்."

"நல்லதுக்குத்தானே? விடுங்க," என்றாள் அவள்.

வாசலில் தையல்காரர் ஒரு பேன்ட்டோடு நின்றார். தங்கை வீட்டுச் சாப்பாட்டில் இடுப்பு பெருத்துவிட்டது என்று மச்சான் தளர்த்தக் கொடுத்திருந்தது.

"போயிட்டாங்களா? அப்ப இதை அவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்," என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "கேக்கணும்னு இருந்தேன். அவரோட போன அந்த அம்மா நர்ஸா, சார்?"

"இல்லையே. ஏன் கேக்குறீங்க?"

"இல்ல சார், நீங்க கடைக்குப் போனதும் மெதுவா உள்ள வந்து, அவர் தூக்கம் கலையாம அந்த கிளிப்பைச் சட்டையில மாட்டினாங்க. அப்புறம் வெளிய போய்த் திண்ணையில உக்காந்து, நீங்க தெருமுனையில திரும்புறதைப் பாத்ததும் மறுபடி உள்ள போய், நீங்க வாசலுக்கு வந்தப்பதான் 'ஐயோ'ன்னு கத்தினாங்க. அவ்வளவு பக்குவமா மாட்டினாங்களே, அதான் கேட்டேன்."